கட்டி தட்டிப்போன சொற்கள்

"தகவலறிந்து சம்பவ இடத்துக்கு விரைந்து வந்த" என்று ஒரு செய்தி ஆரம்பித்தால், அடுத்து வருவது போலீசார்தான். "இதனால் அப்பகுதியில்" என்றால் பரபரப்பு ஏற்பட்டே தீரும். அடிபட்டவர் ரத்த வெள்ளத்தில்தான் கிடப்பார், தப்பித்தவர் மயிரிழையில்தான் தப்பித்திருப்பார். எழுதுகிற நிருபர் இந்த வரிகளைச் சொல் சொல்லாக யோசித்து எழுதுவதில்லை. படிக்கிற நாமும் அப்படிப் படிப்பதில்லை. சரியாகக் கிளறாத உப்புமாவில் ரவை கட்டி தட்டுகிற மாதிரி, நாலைந்து சொற்கள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டன.

இந்த மாதிரித் தொடரைக் க்ளிஷே என்கிறோம். ஒரு ஊர்க்காரர், ஒரு சாதிக்காரர், ஒரு மொழிக்காரர் என்றாலே இப்படித்தான் இருப்பார் என்று முன்கூட்டியே வரைந்து வைத்திருக்கும் படத்தை ஸ்டீரியோடைப் என்கிறோம். சினிமா விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இரண்டும் உப்பு, புளி மாதிரி. ஆனால் இரண்டுமே அச்சுக்கூடத்துத் தொழிற்சொற்கள். அங்கே ஏறத்தாழ ஒரே பொருளுக்கு வைத்த பெயர்கள். ஸ்டீரியோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கெட்டியானது, கட்டியானது என்று பொருள். டூப்போஸ் என்றால் அடித்துப் பதித்த தடம். 'கட்டியான அச்சு', அவ்வளவுதான். (கொலஸ்ட்ராலிலும் இதே ஸ்டீரியோஸ் ஒளிந்திருக்கிறது. முதலில் அதைக் கண்டுபிடித்தது பித்தப்பைக் கல்லில். 'பித்தக் கட்டி' என்று பெயர் வைத்தார்கள்.)

எதற்காக எழுத்தைக் கட்டியாக்க வேண்டியிருந்தது? அதைப் புரிந்துகொள்ளப் பழைய ஈய எழுத்துப் பிரஸ் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில், காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் பிரஸ் ஒன்று இருந்தது. கம்பாசிட்டர் அண்ணன், குட்டிக் குட்டி அறைகளாகப் பிரித்த கேஸுக்கு முன்னால் நின்றுகொண்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவார். வரி சேர்ந்து பக்கமாகும். பக்கத்தைக் கயிற்றால் கட்டி, புரூஃப் எடுத்து, தப்பைத் திருத்தி, இறுக்கி மிஷினில் ஏற்றுவார்கள். அச்சடித்து முடிந்ததும் அத்தனை எழுத்தையும் கழுவிப் பிரித்து, மறுபடி அந்தந்த அறையில் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வேலைக்கு எழுத்து இருக்காது.

முகூர்த்த மாதம் வந்தால் மட்டும் ஒரு பக்கத்தைக் கலைக்கவே மாட்டார்கள். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி "சுற்றமும் நட்பும் சூழ" வரைக்கும் அப்படியே கட்டி அலமாரியில் இருக்கும். மேலே பிள்ளையார் பிளாக்கும் நிரந்தரம். பெண், மாப்பிள்ளை, அப்பா அம்மா பெயர், தேதி, மண்டபம் ஆகியவற்றை மட்டும் உருவிவிட்டுப் புதிதாகச் செருகுவார்கள். பத்திரிகை ஏன் எல்லா வீட்டுக்கும் ஒரே வாசகமாக இருந்தது என்பதற்குப் பாதிக் காரணம் மரபு. மீதிப் பாதி அந்த அலமாரி.

ஒரு பக்கத்தை இப்படி வைத்திருக்கலாம். ஐந்நூறு பக்கப் புத்தகத்தை? பைபிள் மாதிரித் திரும்பத் திரும்ப அச்சிட வேண்டிய ஒன்றை? அத்தனை பக்கத்தையும் கலைக்காமல் வைத்தால் முதலெல்லாம் ஈயமாக முடங்கிவிடும். கலைத்துவிட்டால் அடுத்த பதிப்புக்கு முதலிலிருந்து கோக்க வேண்டும். கூலி மறுபடி, பிழையும் மறுபடி, அதுவும் புதுப் பிழைகள். ஆகவே ஒரு யோசனை தோன்றியது: திருத்தி முடித்த பக்கத்தின் மேல் அச்சு எடுத்து, அந்த அச்சில் உலோகத்தை ஊற்றினால் முழுப் பக்கமும் ஒரே தகடாகக் கிடைக்குமே. எழுத்துகளைக் கேஸுக்கே அனுப்பிவிடலாம், தகடு மட்டும் போதும். அச்சு வெல்லம் செய்கிற அதே தொழில்நுட்பம்தான். பாகுக்குப் பதில் ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த குழம்பு.

எடின்பரோவில் வில்லியம் கெட் என்றொரு பொற்கொல்லர் 1725 வாக்கில் இதைச் செய்து பார்த்தார். நகை வார்த்துப் பழகிய கை, தகடு வார்ப்பது பெரிய காரியமாக இருந்திருக்காது. லண்டனுக்குப் போய்க் கூட்டு சேர்ந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக பைபிளும் பிரார்த்தனைப் புத்தகமும் அச்சிடும் உரிமையையும் 1731இல் வாங்கிவிட்டார்கள். அதன்பிறகுதான் வினை. தகடு வந்தால் நம் பிழைப்பு போச்சு என்று அச்சுக்கோப்பவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பிழையைத் திருத்தச் சொன்னால் வேண்டுமென்றே அரை டஜன் புதுப் பிழைகளைச் சேர்த்தார்கள். முதலாளி இல்லாத நேரம் பார்த்து மிஷின்காரர்கள் எழுத்தைத் தட்டி நசுக்கினார்கள். கெட் நொந்துபோய் ஊர் திரும்பினார்.

இருந்தாலும் விடவில்லை. அவருடைய மகன் ஜேம்ஸ் ஓர் அச்சகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரியில் தனியாக உட்கார்ந்து அவன் பக்கங்களைக் கோத்துக்கொடுக்க, அப்பா தகடு வார்த்தார். 1739இல் ரோமானிய வரலாற்றாசிரியர் சல்லஸ்டின் நூல் அப்படி வெளிவந்தது. வழக்கமான தனி எழுத்துகளால் அச்சிட்டது அன்று, வார்த்த தகடுகளால் அச்சிட்டது என்று முதல் பக்கத்திலேயே லத்தீனில் போட்டுக்கொண்டார். படித்துப் பார்க்கும்போது அதில் பெருமையைவிட வைராக்கியம்தான் எனக்குத் தெரிகிறது. 1749இல் அவர் இறந்தார். தொழில் அவரோடு கிட்டத்தட்ட அடங்கிப்போனது.

பெயர் வந்தது பாரிஸிலிருந்து. பரம்பரை அச்சகக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபிர்மன் திதோ, 1795இல் காலே என்பவரின் மடக்கை அட்டவணைகளை அச்சிட்டார். கால்குலேட்டர் இல்லாத காலம். கப்பல் மாலுமியும் நில அளவையாளரும் வானியலாளரும் கணக்குக்கு நம்பியிருந்தது இந்த அட்டவணைகளைத்தான். பக்கம் பக்கமாக வெறும் எண்கள். கதைப் புத்தகத்தில் ஓர் எழுத்து தப்பினால் வாசகரே ஊகித்துக்கொள்வார். இங்கே ஓர் இலக்கம் மாறினால் ஊகிக்க வழியே இல்லை, கப்பலே வேறு பக்கம் போகும். தனி எழுத்தில் கோத்தால் ஒவ்வொரு பதிப்பிலும் எண்கள் நகரும், விழும், புதுத் தப்பு முளைக்கும். அதனால் திதோ, திருத்திய பக்கத்தின் எழுத்துகளைப் பின்பக்கம் பற்றவைத்து அசையவிடாமல் ஆக்கினார். பிற்பாடு தப்பு தெரிந்தால் அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றலாம், மற்ற எதுவும் அசையாது. பதிப்பு ஏற ஏறப் பிழை குறைந்துகொண்டே போகும். அந்த ஆண்டுகளில்தான் ஸ்டீரியோடைப் என்ற பெயர் பிரெஞ்சில் புழக்கத்துக்கு வந்தது. சூட்டியவர் திதோ என்றே பொதுவாகச் சொல்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று ஒருவரைப் பார்த்து "ஸ்டீரியோடைப்பாக யோசிக்கிறாய்" என்றால் அது திட்டு. அன்று புத்தகத்தில் 'ஸ்டீரியோடைப் பதிப்பு' என்று போட்டால் அது தர முத்திரை: இதை நம்பலாம், இனி இது மாறாது. மாறாமல் இருப்பது என்ற அதே குணம்தான், எண்ணில் இருந்தால் நன்மை, மனிதரைப் பற்றிய எண்ணத்தில் இருந்தால் கேடு.

அப்புறம் தொழில் வேகமாக வளர்ந்தது. இங்கிலாந்தில் ஸ்டான்ஹோப் பிரபு 1800களின் தொடக்கத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு முறையைச் செம்மைப்படுத்தினார். 1804இல் தொடங்கிய பிரிட்டிஷ் பைபிள் சங்கத்துக்கு மலிவாக பைபிள் அச்சிட அது வாகாக அமைந்தது. 1829இல் லியோன் நகரத்து க்ளோத் ஷெனூ, ஈரக் காகித அடுக்குகளைப் பசையால் ஒட்டி எழுத்தின் மேல் வைத்து அழுத்தி அச்செடுக்கும் முறைக்கு உரிமம் வாங்கினார். காகித அச்சு வளையும். வளைத்து வைத்து உலோகம் ஊற்றினால் தகடும் உருளை வடிவில் வரும். சுழலும் ரோட்டரி மிஷினுக்கு அதுதான் தேவைப்பட்டது. தனித்தனி எழுத்தை உருளையில் கட்டினால் சுழற்றும் வேகத்தில் தெறித்துவிடாதா? நாளிதழ்கள் லட்சக்கணக்கில் அச்சாகத் தொடங்கியதற்குப் பின்னால் இந்த வளைந்த தகடு இருக்கிறது.

க்ளிஷேயும் அதே பட்டறையில் பிறந்ததுதான். பாதி உறைந்த உலோகக் குழம்பின் மேல் மரச் செதுக்கையோ எழுத்துப் பக்கத்தையோ 'சளக்' என்று அடித்துப் பதிப்பெடுக்கும் முறை ஒன்று பிரெஞ்சு அச்சகங்களில் இருந்தது. க்ளிஷே என்ற சொல் அந்தச் சத்தத்திலிருந்தே வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. ஜெர்மன்காரர்களுக்கு அதே சத்தம் வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது போலும்: 'க்ளாட்ஷ்'. அடித்து எடுத்த பதிப்பை அப்க்ளாட்ஷ் என்றார்கள். இன்றைய ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு உயிரில்லாத நகல் என்று அர்த்தம். ஆக, இரண்டு மொழிகளில் தனித்தனியாக, அச்சகத்துச் சத்தம் ஒன்று இலக்கிய வசைச்சொல்லாக மாறியிருக்கிறது.

எப்போது மாறியது என்று ஒரு தேதியைக் காட்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆங்கிலத்தில் 'ஸ்டீரியோடைப் ஆன' புன்னகை, பதில், சொற்றொடர் என்றெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பிரெஞ்சில் க்ளிஷேவுக்கு 'தேய்ந்த சொற்றொடர்' என்ற பொருள் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைத்து, நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்துக்கும் போனது. உவமை ஏன் அவ்வளவு சுலபமாக ஒட்டியது என்று யோசித்தால், காரணம் தகட்டிலேயே இருக்கிறது. தகட்டைத் தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்து எழுத்தாகக் கோத்த பக்கம் போலவே தெரியும். கிட்டப் போய் ஓர் எழுத்தை உருவிப் பாருங்கள், வராது. "மயிரிழையில் உயிர் தப்பினார்" என்பதில் மயிரும் இல்லை, இழையும் இல்லை. சொற்கள் போன்ற தோற்றம் மட்டும் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான கிளை உண்டு. சிற்றூர்ப் பத்திரிகைகளிடம் பக்கத்தை நிரப்பச் செய்தியும் இருக்காது, கோக்க ஆளும் இருக்காது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்து நிறுவனங்கள் கதை, துணுக்கு, வீட்டுக்குறிப்பு எல்லாவற்றையும் தயார்த் தகடாகவே வார்த்து ரயிலில் அனுப்பின. கொதிகலன் செய்யும் இரும்புத் தகட்டின் பெயரால் அதை 'பாய்லர் பிளேட்' என்று கிண்டலாகக் கூப்பிட்டார்கள். பத்தி நீளமாக இருந்தால் ஆசிரியர் பேனாவை எடுக்க மாட்டார். ரம்பத்தை எடுத்து அறுப்பார். வாசகர் படிக்கும் கட்டுரை எந்த இடத்தில் முடிய வேண்டும் என்பதை ரம்பம் தீர்மானித்தது. இன்று ஒப்பந்தப் பத்திரங்களில் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் அந்தப் பொடி எழுத்து வாசகங்களுக்கும் அதே பெயர்தான்.

சொல்லிலிருந்து இந்த உவமை உடம்புக்கும் தாவியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மனநல மருத்துவர்கள், சில நோயாளிகள் ஒரே அசைவை, ஒரே சொல்லை, ஒரே நிலையை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வதைக் குறிக்க 'ஸ்டீரியோட்டிப்பி' என்றார்கள். விலங்கு நடத்தையை ஆராய்பவர்களும் பின்னால் அதை எடுத்துக்கொண்டார்கள். கோயில் வாசலில் சங்கிலியில் நிற்கும் யானை தலையையும் தும்பிக்கையையும் இடவலமாக ஆட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "யானை டான்ஸ் ஆடுதும்மா" என்று குழந்தைகள் கைதட்டும். அடைபட்ட யானைகளிடம் காணப்படும் இந்த ஆட்டத்துக்கு ஆய்வாளர்கள் தரும் பெயர் இதுதான். கூண்டுக்குள் ஒரே தடத்தில் எட்டுப் போடும் புலி, கொட்டிலில் மரக்கட்டையைக் கடித்துக்கொண்டே நிற்கும் குதிரை எல்லாம் இதே கணக்கு. நடக்க வேண்டிய உயிர் நடக்க முடியாதபோது, தேட வேண்டிய உயிருக்குத் தேட ஒன்றும் இல்லாதபோது இது வருகிறது. வசதியான இடத்துக்கு மாற்றிய பிறகும் பல விலங்குகளிடம் இது சுலபத்தில் போவதில்லை. அச்சிலிருந்து எடுத்துவிட்டாலும் வார்ப்பு கலையாதது போல.

ஆட்டிசம் உள்ள குழந்தை கையைப் படபடவென்று அசைப்பதற்கும் மருத்துவக் கையேடுகள் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. இங்கே எனக்கு உவமை கொஞ்சம் உறுத்துகிறது. தகடு எதையும் உணர்வதில்லை. அந்தக் குழந்தைக்கு அந்த அசைவு பல நேரம் ஆறுதல், சில நேரம் சந்தோஷம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியும் 'ஒரே மாதிரி'யை மட்டும் வைத்துப் பெயர் சூட்டிவிட்டார்கள்.

கடைசியாக வந்ததுதான் இன்று எல்லோரும் சொல்லும் அர்த்தம். 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் பொதுஜன அபிப்பிராயம் பற்றி எழுதிய நூலில் ஒரு பகுதிக்கே ஸ்டீரியோடைப்கள் என்று தலைப்பு வைத்தார். அப்போது பெரிய நாளிதழ் ஒவ்வொன்றிலும் ஸ்டீரியோ வார்க்கும் பிரிவு ஒன்று அனல் பறக்க இயங்கிக்கொண்டிருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதன் சாரம்: நாம் பார்த்துவிட்டு முடிவு செய்வதில்லை, பெரும்பாலும் முடிவு செய்துவிட்டே பார்க்கிறோம்.

அந்த நூலில் அவர் எடுத்துக்காட்டும் ஒரு சோதனை சுவையானது. ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் உளவியல் அறிஞர்களின் கூட்டம். திடீரென்று கதவைத் திறந்துகொண்டு ஒரு கோமாளி ஓடி வருகிறான். பின்னாலேயே துப்பாக்கியுடன் ஒரு கறுப்பினத்தவர் துரத்தி வருகிறார். அடிதடி, ஒரு வெடிச்சத்தம், இருவரும் வெளியே ஓடிவிடுகிறார்கள். மொத்தம் 20 விநாடிகூட இல்லை. முன்கூட்டியே ஒத்திகை பார்த்த நாடகம் அது. கண்டதை எழுதித் தரும்படி தலைவர் கேட்க, 40 பேர் எழுதினார்கள். முக்கிய விவரங்களில் 20 சதவீதத்துக்கும் குறைவாகத் தப்பு செய்தவர் ஒரே ஒருவர். 13 பேர் பாதிக்கு மேல் தப்பு. கவனிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்! நடந்த சண்டைக்குப் பதிலாக, சண்டை என்றால் எப்படி இருக்கும் என்று மனதில் ஏற்கெனவே வார்த்து வைத்திருந்த தகட்டை அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது லிப்மனின் வாதம்.

லிப்மன் இதை வெறும் குற்றமாகப் பார்க்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்தால் அலுத்துப்போவோம், வாழ்க்கை பரபரப்பானது, அதற்கு நேரமும் இல்லை என்கிறார். அதாவது தகடு வார்த்ததற்கு அச்சக முதலாளி சொன்ன அதே காரணம்: கூலி மிச்சம்.

1933இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேனியல் காட்ஸ், கென்னத் பிரேலி என்ற இரு உளவியலாளர்கள் இதை எண்ணிப் பார்க்க முயன்றார்கள். 100 மாணவர்களிடம் 84 குணச்சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, பத்து இன, தேசக் குழுக்களுக்குப் பொருத்தமானவற்றைப் பொறுக்கச் சொன்னார்கள். ஜெர்மானியர் அறிவியல் மனம் படைத்தவர்கள் என்றவர்கள் 78 சதவீதம். துருக்கியர் கொடூரமானவர்கள் என்று 47 சதவீதம் பேர் சொன்னார்கள். 1933இன் பிரின்ஸ்டனில் ஒரு துருக்கியரோடு உட்கார்ந்து காபி குடித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆளைப் பார்க்காமலேயே பக்கம் தயார். 1951இல் அதே இடத்தில் அதே பட்டியலைக் கில்பர்ட் என்பவர் மறுபடி கொடுத்தபோது ஒப்புதல் கணிசமாகக் குறைந்திருந்தது. ஒரு கூட்டத்துக்கே ஒரு குணம் சொல்லச் சொல்வது என்ன கேள்வி என்று சில மாணவர்கள் எரிச்சல்பட்டார்கள்.

தமிழில் க்ளிஷேவுக்குத் தேய்வழக்கு என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் படம் தலைகீழாக இருக்கிறது. கைமாறிக் கைமாறிக் காசு தேய்வது போல் சொல் தேய்கிறது என்பது நம் கற்பனை. ஸ்டீரியோடைப் தகட்டைக் கண்டுபிடித்ததோ கோத்த பக்கம் கலையாமல் இருக்க. ஒன்றில் சொல் மழுங்குகிறது, இன்னொன்றில் இறுகுகிறது. எனக்கு இரண்டாவதுதான் உண்மைக்குக் கிட்ட இருப்பதாகப் படுகிறது. தேய்ந்த காசைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். 'ரத்த வெள்ளத்தில்' என்பதை இதுவரை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. நம் பேச்சில் அச்சு என்ற சொல் வசையாக மாறவே இல்லை. "அச்சடிச்ச மாதிரி கையெழுத்து" என்றால் பாராட்டு. "அச்சு அசலா அப்பா ஜாடை" என்றால் கேட்கிற வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். திரும்பத் திரும்பச் சொல்வதைத் திட்ட நமக்கு வேறு சாமான்கள் தேவைப்பட்டன: அரைத்த மாவு, பாடிய பல்லவி, கீறல் விழுந்த ரெக்கார்டு. இப்போது 'டெம்ப்ளேட்' சேர்ந்திருக்கிறது. "டெம்ப்ளேட் பதில் சொல்லாதே" என்கிற பையன் டிரெடில் மிஷினையும் பார்த்ததில்லை, கிராமபோன் ரெக்கார்டையும் பார்த்ததில்லை.

அந்தத் தெருவில் இருந்த பிரஸ்ஸும் இப்போது இல்லை. ஆஃப்செட் வந்த பிறகு ஈய எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். போன மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, காபி குடித்து, ஒரு மணிநேரம் பேசிவிட்டுப் போனார். அவர் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். மேலே பிள்ளையார், கீழே சுற்றமும் நட்பும், கடைசி வரியில்: "இவ்வழைப்பிதழையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று வருகை தர வேண்டுகிறோம்."